‘செட்டப்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது

சேலம், நாமக்கல் பக்கம் ரிங் மல்யுத்தத்தைப் பற்றி ஒருவர் ஆசையாகப் பேச்செடுத்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் அந்தப் பேச்சை முடித்துவைக்க ஒரு வாக்கியம் வைத்திருப்பார்: “அதெல்லாம் செட்டப்புங்க, பேசி வெச்சு அடிச்சுக்கறானுங்க.” படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. சின்ன வயதில் பெட்டிக்கடையில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டு வாங்கி, ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட் என்று கூவிக் கூவி நண்பனின் சீட்டைப் பிடுங்கியவர்கள்கூட மீசை முளைத்ததும் இதையே சொல்கிறார்கள். அண்டர்டேக்கர் என்ற மல்யுத்தக்காரர் செத்துப் பிழைத்து வந்ததை வாய் பிளந்து பார்த்த சிறுவனை உள்ளே எங்கேயோ தள்ளிப் பூட்டிவிட்டு, ‘நான் ஏமாறாத ஆள்’ என்ற பெயரை வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த வாக்கியத்தில் உள்ள தகவலோடு எனக்குச் சண்டை இல்லை. யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே பேசி முடிவானதுதான். அது கண்டுபிடிக்க வேண்டிய ரகசியமும் இல்லை. பிரிட்டனில் தொலைக்காட்சியால் புகழ்பெற்ற மல்யுத்தக்காரர் ஜாக்கி பாலோ 1985-இல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்று நூலிலேயே தொழிலின் உள்விவகாரங்களைப் போட்டு உடைத்துவிட்டார். 1989-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்திடம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே, நாங்கள் நடத்துவது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அரங்குகள் நிறைந்துகொண்டேதான் இருக்கின்றன. அப்படியானால் கூட்டம் ஏமாந்து வரவில்லை, தெரிந்தே வருகிறது. தெரிந்து வருகிற கூட்டத்திடம் போய் ‘உனக்குத் தெரியுமா, இது பொய்’ என்று சொல்வது அவர்களையும் ஆடுகிறவர்களையும் ஒருசேர அவமதிப்பது. நான் மறுப்பது, ‘முடிவு தெரிந்தது, ஆகவே மதிப்பற்றது’ என்ற அந்த ‘ஆகவே’யை.

முடிவு பேசப்படாத தொழில்முறை மல்யுத்தம் எப்படி இருந்தது என்பதற்கு நம் நாட்டுப் பயில்வான் ஒருவரே சாட்சி. 1910-இல் காமா லண்டனுக்குப் போனார். கூடவே தம்பி இமாம் பக்ஷும் போனார். உயரம் போதாது என்று சொல்லிப் போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். காமா சளைக்கவில்லை, எந்த எடையில் வேண்டுமானாலும் மூன்று பேரை அனுப்புங்கள், அரை மணி நேரத்தில் மூவரையும் சாய்க்கிறேன் என்று ஊரறியச் சவால் விட்டார். ஆகஸ்டில் அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை வீழ்த்தினார். செப்டம்பர் 10 அன்று ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானத்தில் போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ‘ஜான் புல்’ பெல்ட்டும் 250 பவுண்டும் பரிசு.

நின்று மோதினால் தோற்றுவிடுவோம் என்பது ஸ்பிஸ்கோவுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக்கொண்டார். காமா இழுத்துப் பார்த்தார், புரட்டப் பார்த்தார், எழுப்பப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் இதுவே காட்சி. வெற்றி தோல்வி இல்லாமல் நிறுத்தி, ஒரு வாரம் கழித்து மறுபடி மோதச் சொன்னார்கள். 17-ஆம் தேதி ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பெல்ட் காமாவுக்குப் போனது. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் காமா கணக்கைத் தீர்த்தார்.

காமாவின் வீரம் பெரிது. அதைப் பற்றி இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அந்த செப்டம்பர் நாளில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த லண்டன்காரர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பார்த்தது கலப்படமில்லாத உண்மை. ஒருவர் படுத்திருக்கிறார், இன்னொருவர் மேலே கிடக்கிறார், நேரம் போகிறது. சம பலமுள்ள இரண்டு பேர் தோற்காமல் இருப்பதையே குறியாக வைத்தால் பார்க்கிறவனுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். தொழிலில் இருந்த எல்லோரையும் இந்தச் சிக்கல் வாட்டியது. 1920-களில் அமெரிக்காவில் எட் ‘ஸ்ட்ராங்லர்’ லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்ற மூன்று பேர் நேரக்கட்டுப்பாடு, வேகம், தூக்கி எறியும் பிடிகள், பேசிவைத்த முடிவு எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டத்தைப் புதிதாக வார்த்தார்கள். பிரிட்டனில் 1947-இல் மவுண்டெவன்ஸ் பிரபுவின் பெயரில் விதிகள் வந்தன. சுற்று சுற்றாக ஆடும் முறை நிலைத்தது. பிறகு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஐ.டி.வி.யில் மல்யுத்தம் என்றால் பாட்டிகள் முதல் பேரன்கள் வரை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த காலம் ஒன்று அங்கே இருந்தது. இந்த மாற்றத்தைப் பித்தலாட்டம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது ஒரு போட்டி கலையாக மாறிய வரலாறாகவே படுகிறது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். சேலம், தருமபுரி வட்டாரத்துத் தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஒருவர், ‘முடிவு முன்பே தெரியும், அதனால் பொய்’ என்று சொல்வதைத்தான் என்னால் கொஞ்சமும் ஏற்க முடியவில்லை. பதினெட்டாம் போர்க் கூத்தில் துரியோதனன் தொடை பிளந்து விழுவான். போன வருடமும் விழுந்தான், வருகிற வருடமும் விழுவான். திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் மண்ணைக் குழைத்து அவனை ஆள் உயரத்துக்கும் மேலாகச் செய்து கிடத்துகிறார்கள். பீமன் வேடக்காரர் அடித்து முடித்ததும், திரௌபதி கூந்தலை முடித்ததும், எதிரிதான் என்று தெரிந்தும் அவனுக்காக ஒப்பாரி வைக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பாரதக் கதை தெரியாதவர் ஒருவரும் இல்லை. அபிமன்னன் சக்கர வியூகத்துக்குள் நுழையும்போது முன்வரிசைப் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அவளைப் பார்த்து ‘செட்டப்புக்கு அழுகிறாயே’ என்று சொல்ல நம்மில் யாருக்காவது துணிவு வருமா?

கூத்தின் உறுப்புகளையும் ரிங் மல்யுத்தத்தின் உறுப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. வேடக்காரர் சபைக்கு வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அவர் பாடுவார். நமக்குச் சலங்கைக் காலும் கிரீடத்தின் உச்சியும் மட்டும் தெரியும். ஆவலை ஏற்றி ஏற்றி, திரை விலகியதும் சுழன்று ஆடி, ‘யார் தெரியுமா நான்’ என்று தன் பெருமையைத் தானே சொல்வார். மல்யுத்த அரங்கில் விளக்கு அணைந்து, ஒருவருக்கென்றே ஆன இசையின் முதல் ஒலி எழும்போது கூட்டம் எழுந்து நிற்பதும் இதே காரணத்தால்தான். கட்டியங்காரன் ராஜாவை அறிமுகப்படுத்துவான், கேலியும் செய்வான், சபைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே நின்று பேசுவான். ரிங்கின் ஓரத்தில் மைக் பிடித்திருப்பவரின் வேலையும் அதுவே. தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம் என்று கூத்துக்காரர் உடம்பைப் பெரிதாக்கிக் காட்டுகிறார். மல்யுத்தக்காரர் வருடக்கணக்கில் இரும்பு தூக்கித் தன் உடம்பையே வேஷமாகக் கட்டிக்கொள்கிறார்.

இன்னும் ஆழமாக ஓர் ஒற்றுமை இருக்கிறது. துகில் உரியும் கூத்தில் துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் காட்டிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. தான் செய்யப்போகும் கொடுமை வேடத்தின் கொடுமை, எதிரே நிற்பவர் தன் பாதுகாப்பில் இருப்பவர் என்பதை அவர் அப்படி ஒப்புக்கொள்கிறார். மல்யுத்த ரிங்கில் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்குகிறவன் கையில் இருப்பது ஒரு மனிதனின் கழுத்தெலும்பு. தூக்கப்படுகிறவன் தன் எடையை நம்பிக்கையோடு ஒப்படைக்கிறான். பார்வைக்கு அது கொலைவெறி. உள்ளே நடப்பது இரண்டு பேர் ஒருவரையொருவர் உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வேலை. பயிற்சியின் பெரும்பகுதியும் எப்படி அடிப்பது என்பதைவிட, எப்படி விழுவது, விழுகிறவனை எப்படிக் காப்பது என்பதில்தான் கழிகிறது.

இங்கே எதிர்த்தரப்பு கேட்கும் ஒரு நியாயமான கேள்வி உண்டு. கூத்து ‘இது கூத்து’ என்று சொல்லிவிட்டு ஆடுகிறது, இவர்கள் உண்மை என்று சொல்லியல்லவா ஆடுகிறார்கள் என்பார்கள். வளையத்துக்குள் அது வேடத்தின் தர்மம். துரியோதனனும் சபையில் நின்று ‘நான் வேடக்காரன்’ என்று சொல்வதில்லை. வளையத்துக்கு வெளியேயும் அதைத் தொடர்ந்தால் அது தவறு என்று நானும் சொல்கிறேன். ‘தி கிரேட் காளி’ என்று உலகம் அறிந்த தலிப் சிங் ராணா, 2015-இல் பஞ்சாபின் ஜலந்தரில் சி.டபிள்யூ.இ. என்ற பெயரில் நம் நாட்டுக்கென ஒரு மல்யுத்த அமைப்பையும் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். 2016 பிப்ரவரியில் ஹல்த்வானியில் நடந்த அவருடைய நிகழ்ச்சியில் வெளிநாட்டு மல்யுத்தக்காரர்கள் நாற்காலியால் தாக்கியதில் அவர் ரத்தம் வழிய மருத்துவமனைக்குப் போனார் என்று செய்தித் தொலைக்காட்சிகள் விபத்துச் செய்தி போலவே ஓட்டின. சில நாளில் டேராடூன் ரிங்கில் தலைக்கட்டோடு வந்து நின்று அவர் பழிதீர்த்தார். எது கதை, எது காயம் என்று யாருக்கும் புரியாத அந்த நிலை நல்லதல்ல. செய்தி வாசிப்பவரையும் மருத்துவரையும் கதைக்குள் இழுக்கக் கூடாது. ஆனால் ஒரு நிகழ்ச்சியின் விளம்பர முறையில் உள்ள குறைக்காக ஒரு கலை முழுவதையும் பொய் என்று தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

‘செட்டப்’ என்ற பேச்சுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு பேச்சு, ‘அடி படாது’ என்பது. இதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. ரிங்கின் தரை மெத்தை அல்ல. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய திண்டு, இழுத்துக் கட்டிய கான்வாஸ் துணி. அதில் முதுகடித்து விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை விட்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழவேண்டும். அப்படிச் சரியாக விழுந்தாலும் வலி வலிதான். சரியாக விழாவிட்டால் கழுத்து போய்விடும். இதைத்தான் மாதத்தில் பல இரவுகள், பல ஆண்டுகள் செய்கிறார்கள்.

1987 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கிரேட் யார்மத்தில், ‘பிக் டாடி’ என்று குழந்தைகள் கொண்டாடிய ஷர்லி கிராப்ட்ரீ வழக்கம்போல எதிராளியின் மேல் விழுந்து ஆட்டத்தை முடித்தார். எதிராளியான மால் கிர்க் எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு ஏற்கெனவே இதய நோய் இருந்தது விசாரணையில் தெரிந்தது. கிராப்ட்ரீ மீது குற்றம் இல்லை என்றானது. ஆனாலும் அந்த மரணம் அவரை ஆட்டிப்படைத்தது. 2009 ஜூனில் ஜப்பானின் ஹிரோஷிமாவில் மிட்சுஹாரு மிசாவா, ஆயிரம் முறை வாங்கியிருக்கக்கூடிய ஒரு பிடியில் விழுந்து அன்றிரவே இறந்தார். வயது 46. அந்த நாட்டின் மிகப் பெரிய மல்யுத்தக் கலைஞர்களில் ஒருவர். இந்த இரண்டு ஆட்டங்களிலும் முடிவு பேசப்பட்டதுதான். இறந்தவர்களிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். பையன் டி.வி.யில் மல்யுத்தம் பார்த்துவிட்டுத் தங்கையைத் தூக்கிச் சிமெண்டுத் தரையில் போடப் பார்க்கிறான் என்ற உங்கள் கவலை நியாயமானது. அதற்கு நீங்கள் சொல்லும் மருந்து, ‘அதெல்லாம் பொய்டா, அவனுங்களுக்கு அடியே படாது’ என்பது. அடியே படாது என்று நம்புகிற பிள்ளைதான் துணிந்து செய்துபார்ப்பான். ‘அவர்கள் வருடக்கணக்கில் விழக் கற்றவர்கள், அப்படியும் செத்திருக்கிறார்கள்’ என்று உண்மையைச் சொல்லுங்கள். கை தானாக நிற்கும்.

சரி, முடிவு பேசித்தான் நடக்கிறது என்றால் சாம்பியன் பட்டத்துக்கு என்ன மரியாதை? ஜெயிக்காமல் வாங்கிய பெல்ட்டை இடுப்பில் கட்டுவது கேவலம் இல்லையா? நானும் இதைப் பலநாள் யோசித்திருக்கிறேன். எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன்.

லண்டனில் ‘ப்ராக்ரஸ்’ என்று ஒரு சுதந்திர மல்யுத்த அமைப்பு இருக்கிறது. சுதந்திரம் என்றால் பெரிய தொலைக்காட்சி நிறுவனத்தின் பணம் இல்லாமல், டிக்கெட் விற்று நடத்துவது. மேடை நகைச்சுவையாளர் ஜிம் ஸ்மால்மனும் ஜான் பிரைலியும் சேர்ந்து உருவாக்கி, 2012 மார்ச்சில் முதல் நிகழ்ச்சி நடத்தினார்கள். முதல் சாம்பியன் நேதன் க்ரூஸ். பட்டத்தின் அடையாளமாக அவர்கள் முதலில் கொடுத்தது பெல்ட் அல்ல, ஒரு கோல். பிறகுதான் பெல்ட் வந்தது. ஜோடி ஆட்டத்துக்குத் தனிப் பட்டம், 205 பவுண்டுக்கு மேற்பட்ட கனத்த உடம்புக்காரர்களுக்கு ‘அட்லஸ்’ பட்டம், 2017-இல் டோனி ஸ்டார்ம் முதன்முதலில் வென்ற பெண்கள் பட்டம் என்று கிளைத்தது. பாட்டுக் கச்சேரி நடக்கும் கூடங்களில் மாதாமாதம் ஆடி, 2018 செப்டம்பரில் வெம்ப்லி அரங்கில் 4,000 பேருக்கு மேல் கூட்டினார்கள். ஸ்காட்லாந்தில் மார்க் டல்லஸ் 2006-இல் தொடங்கிய ஐ.சி.டபிள்யூ. அமைப்பும் கிளாஸ்கோவின் பெரிய அரங்கு வரை வளர்ந்தது.

இப்படிப்பட்ட அமைப்பில் சாம்பியன் என்றால் யார்? இரவின் கடைசி ஆட்டத்தை ஆடுகிறவர். அவர் பெயருக்குத்தான் டிக்கெட் விற்கும். நேற்று வந்த பையனோடு ஆடி, தோற்கிற அவனையும் கூட்டம் நினைவில் வைக்கும்படி செய்கிறவர். உடம்பு முடியாத நாளிலும் வந்து நிற்கிறவர். அந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று அமைப்பு முடிவு செய்கிறது. பட்டம் அந்த ஒப்படைப்பின் அடையாளம். நம் கூத்து ஜமாவில் ராஜவேஷம் எல்லோருக்கும் கிடைக்காது. வாத்தியார் பல வருடம் பார்த்து, குரல், அடவு, மூச்சு, சபையைப் பிடித்து வைக்கும் திறன் எல்லாவற்றையும் எடைபோட்டு ஒருவருக்குக் கொடுப்பார். கர்ணனுக்குக் கிரீடம் போட்டிவைத்துக் கொடுக்கப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சுமக்க அவருக்குத் தகுதி இருக்கிறதா என்றுதான் சபை பார்க்கிறது.

சபை பார்க்கிறது என்பது வெறும் பேச்சல்ல. 2017 மே மாதம் சிகாகோ அருகே ஜிந்தர் மஹால் ராண்டி ஆர்டனை வென்று டபிள்யூ.டபிள்யூ.ஈ. (பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப்.தான்) சாம்பியன் ஆனார். பஞ்சாபி வம்சாவளியைச் சேர்ந்த கனடாக்காரர். இந்தியச் சந்தையைப் பிடிக்கும் கணக்கு இது என்று எல்லோரும் பேசினார்கள். டிசம்பரில் டெல்லியில் நிகழ்ச்சியும் இருந்தது. சந்தைக் கணக்கு ஒன்றே போதும் என்றால் அதுவரை பெல்ட் அவரிடமே இருந்திருக்க வேண்டும். ஆனால் நவம்பர் 7 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் அவர் தோற்றார். டெல்லிக்குப் பெல்ட் இல்லாமல்தான் வந்தார். அரங்குகளில் கூட்டம் அவரைச் சாம்பியனாக மனதார ஏற்கவில்லை என்பதே இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. இதற்கு நேர்மாறாக, 2014-இல் சிறிய உடம்புக்காரரான டேனியல் பிரையனைப் பெரிய ஆட்டத்திலிருந்து ஒதுக்கியே வைத்திருந்தார்கள். ரசிகர்கள் மாதக்கணக்கில் ஒவ்வொரு ஊரிலும் அவர் பெயரையே கத்தி, கடைசியில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 30-இல் அவரைப் பட்டத்தோடு நிற்கவைத்தார்கள். முடிவை எழுதுகிறவன் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. கூட்டத்தின் குரலைக் கேட்டுத்தான் எழுத முடியும்.

நம் பெரியவர்களிடம் தாராசிங், கிங்காங் என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். ‘பெரிய தாராசிங்னு நெனப்பு’ என்று ஏசாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? தாராசிங் 1959-இல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டத்தையும், 1968-இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டத்தையும் பெற்றவர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து ஆசியா முழுக்க ஆடிய எமில் சாஜாதான் நமக்குக் கிங்காங். இவர்களுடைய ஆட்டங்கள் எப்படித் தீர்மானமாயின என்று யாரும் விசாரணைக் கமிஷன் வைக்கவில்லை. 1987-இல் தூர்தர்ஷன் ராமாயணத்தில் தாராசிங் அனுமனாக வந்தபோது, பதினெட்டடி ஆஞ்சநேயரைத் தினமும் கும்பிடும் நாமக்கல்காரர்களுக்கும் அது பொருந்தாமல் படவில்லை. பட்டங்கள் அவருக்குக் கொடுத்த கம்பீரம் பொய்யாக இருந்திருந்தால் அந்த வேடம் அவர் உடம்பில் உட்கார்ந்திருக்காது.

‘செட்டப்’ என்ற பேச்சு வெறும் ரசனைக் குறைபாடு என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவர்கள் ஆடுகிறவர்கள்.

நாளை ஓர் அமைப்பு சேலத்தில் நிகழ்ச்சி நடத்த வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காந்தி மைதானத்தில் நடத்துவதா, நேரு கலையரங்கத்தில் நடத்துவதா? விளையாட்டுத் துறையிடம் போனால், முடிவு பேசி ஆடுவது விளையாட்டு இல்லை என்பார்கள். கலைத் துறையிடம் போனால், அடித்துக்கொள்வது கலை இல்லை என்பார்கள். கூத்துக் கலைஞருக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் என்று ஒன்றாவது இருக்கிறது, போதாது என்றாலும். மல்யுத்தக் கலைஞர் எந்தக் கதவைத் தட்டுவார்? இந்த நடுத்தெரு நிலை உலகம் முழுக்க இருக்கிறது, அது வசதியாக இருப்பது முதலாளிகளுக்கு. நியூஜெர்சியில் 1989-இல் ‘இது பொழுதுபோக்குத்தான்’ என்று அந்த நிறுவனம் சொன்னது உண்மை மீதுள்ள பற்றால் அல்ல. விளையாட்டு என்றால் அரசு ஆணையத்தின் மேற்பார்வை, உரிமம், வரி எல்லாம் வரும். அவற்றிலிருந்து விலகவே சொன்னது. ‘எல்லாம் பொய்’ என்று நாம் சொல்லும்போது அந்தக் கணக்குக்குத்தான் துணை போகிறோம். பொய் ஆட்டத்துக்கு டாக்டர் எதற்கு, பொய் அடிக்கு இன்சூரன்ஸ் எதற்கு?

2001-இல் கலிஃபோர்னியாவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் ஓர் இளைஞர் தலையில் அடிபட்டு இறந்தார். பள்ளியின் அலட்சியமே காரணம் என்று பின்னர் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. 2020-இல் பிரிட்டனின் சுதந்திர மல்யுத்த உலகமே ஆடிப்போனது. பயிற்சியாளர்களும் மூத்த ஆட்டக்காரர்களும் தங்களுக்கு இழைத்த பாலியல் கொடுமைகளைப் பெண்கள் பலர் வெளிப்படையாகச் சொன்னார்கள். நான் மேலே புகழ்ந்து எழுதிய ப்ராக்ரஸையும் அது விட்டுவைக்கவில்லை. பல அமைப்புகள் நின்றன, பலர் நீக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு ஒன்று விசாரித்து அறிக்கை தந்தது. விளையாட்டும் இல்லை, கலையும் இல்லை என்று இரண்டு பக்கமும் கைவிட்டதால்தான் கேட்பாரற்றுப் போனது என்று அது கண்டது. பயிற்சிப் பள்ளிகளை விளையாட்டாகவும் நிகழ்ச்சிகளை அரங்கக் கலையாகவும் நடத்த வேண்டும் என்ற திசையில் பேசியது. சரியான பேச்சு அது. ஒரு நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உட்கார்ந்து யோசித்த விஷயத்தை நாம் டீக்கடையில் ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம்.

சிறிய அமைப்புகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டிலிருந்து வந்தவர். ஊர் ஊராக நடக்கும் அந்தப் போட்டிகள் இல்லையென்றால் இந்திய அணியின் சட்டை அவருக்கு எட்டியிருக்காது. ஹரியாணாவின் கவிதா தேவி, 2016 தெற்காசிய விளையாட்டில் பளுதூக்குதலில் தங்கம் வென்றவர், ஜலந்தரில் காளியிடம் பயின்று, 2017-இல் சல்வார் கமீஸ் அணிந்தபடி டபிள்யூ.டபிள்யூ.ஈ. ரிங்கில் இறங்கினார். அந்த முதல் ஆட்டத்தில் தோற்றார். ஆனாலும் வடநாட்டுச் சிற்றூர்களில் எத்தனை பெண் பிள்ளைகள் அதைப் பார்த்திருப்பார்கள்! ப்ராக்ரஸில் ஆடிய டைலர் பேட் 2017 ஜனவரியில் பிளாக்பூலில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் பிரிட்டன் பட்டத்தை வென்றபோது வயது 19.

நம்மிடம் இல்லாதது என்ன? சிலம்பம் சுற்றும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கபடி ஆடி உரமேறிய உடம்புகள் இருக்கின்றன, விடிய விடியச் சபையைப் பிடித்துவைக்கத் தெரிந்த கூத்து வாத்தியார்கள் இருக்கிறார்கள். இரும்புச் சட்டமும் பலகையும் சேர்த்து லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பட்டறைக்காரருக்கு ஒரு ரிங் செய்வது பெரிய வேலையே இல்லை. சாம்பியன் பெல்ட்டுக்குச் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளைவிடத் தேர்ந்த கைகளை எங்கே தேடுவது? இல்லாதது மரியாதை ஒன்றுதான். ‘பையன் மல்யுத்தம் கத்துக்கறான்’ என்று வீட்டில் சொல்ல முடியாத கூச்சம். அந்தக் கூச்சத்தை உண்டாக்கியது நம் ‘செட்டப்’ பேச்சு.

சேலத்தில் பயிற்சிப் பள்ளி என்று ஒருவர் பலகை மாட்டினால், பிள்ளையைச் சேர்க்கும் முன் உள்ளே போய்ப் பாருங்கள். விழக் கற்றுக்கொடுக்கிறார்களா, ரிங் பக்கத்தில் மருத்துவர் நிற்பாரா, பெண் பிள்ளைகள் புகார் சொல்ல ஆள் இருக்கிறதா, ஆடியவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் ஊரைக் கூட்டிச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். திருப்தியாக இருந்தால் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்காருங்கள்.